பழைய ஆட்டமும் புதிய தோற்றமும்

சதுரங்கக் காய்களை வேப்பமரத்திற் கடைந்தாலும் யானைத் தந்தத்திற் கடைந்தாலும் ஆட்டம் ஒன்றே. குதிரை பாயும் விதம் மாறுவதில்லை. அரசன் ஒரு கட்டத்துக்கு மேல் நகர்வதில்லை. காய்கள் தேய்ந்துபோனாற் புதிய காய்கள் வாங்கிக்கொள்ளலாம். காய்களே இல்லாவிடத்துப் புளியங்கொட்டைகளை அடையாளமிட்டு வைத்தும் ஆடலாம். ஏனெனில், சதுரங்கம் என்பது மரத்திலோ தந்தத்திலோ தங்கியிருப்பதன்று. ஆடுவோர் மனத்திற் பதிந்துள்ள விதிகளில் தங்கியிருப்பது.

கணினி விளையாட்டு அத்தகையதன்று. அதன் விதிகளை ஆடுவோர் முழுமையாக அறியார். ஒரு காலாள் ஒரு நொடியில் எவ்வளவு தூரம் நடப்பான், வில்லாளி அடுத்த அம்பைத் தொடுக்க எவ்வளவு நேரம் எடுப்பான், குறுகிய பாலத்தில் இருவர் எதிர்ப்பட்டால் யார் ஒதுங்குவர் என்பன போன்ற ஆயிரம் நுண்ணிய விதிகள் பொறிக்கென எழுதப்பட்ட கட்டளைத் தொடருக்குள் ஒளிந்திருக்கின்றன. அக்கட்டளைகளை ஏற்கும் பொறி வழக்கொழிந்தால் விதிகளும் உடன் வழக்கொழிந்துபோம். ஆகவே, பழைய கணினி விளையாட்டொன்றைப் புதுப்பித்தல் என்பது தேய்ந்த காய்களுக்கு வர்ணம் பூசுவது போன்ற எளிய காரியம் ஆகாது. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் கேள்வி அதில் முதலிலேயே எழுகின்றது. அக்கேள்விக்கு விடை காண நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைவது, ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ என்னும் போர்த்தந்திர விளையாட்டின் இரண்டாம் பாகமும், 2019ஆம் ஆண்டில் அதற்கு அளிக்கப்பட்ட புதிய வடிவமுமாகும்.

முதலில் அவ்விளையாட்டின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் அதனை ஆக்கிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளியிட்டது. அதனை ஆக்கிய நிறுவனத்திற் பணியாற்றியவர்களுள் புரூஸ் ஷெல்லி என்பவர் ஒருவர். 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை சிட் மையர் உருவாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் இவரே. ஆயினும், இரண்டு விளையாட்டுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடொன்று உண்டு. சிவிலைசேஷன் சதுரங்கம் போல முறைவைத்து ஆடப்படுவது. ஒருவர் யோசிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் விளையாட்டிலோ காத்திருத்தல் என்பதே இல்லை. இருதரப்பாரும் ஒரே நேரத்தில் இயங்குவர். யோசிக்கும் நேரமும் செலவுக் கணக்கிற் சேரும்.

ஆட்டம் மிகச் சிறிய அளவில் தொடங்குகின்றது. ஓர் ஊர் மையம், மூன்று குடியானவர், வேவு பார்க்கும் குதிரைவீரன் ஒருவன் ஆகிய இவையே தொடக்க மூலதனம். உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கு வளங்களையும் குடியானவர் தேடிக் குவித்தல் வேண்டும். புதிய குடியானவர் ஒருவரைப் பெற 50 அளவு உணவும், ஆட்டத்தின் கணக்கில் 25 நொடிகளும் செலவாகும். இருண்ட காலம், நிலமானிய காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு காலங்களை ஆட்டக்காரர் கடந்து செல்வர். முதற் காலத்திலிருந்து இரண்டாவதற்கு ஏற 500 அளவு உணவு வேண்டும்; மூன்றாவதற்கு 800 உணவும் 200 பொன்னும்; நான்காவதற்கு 1000 உணவும் 800 பொன்னும் வேண்டும். உணவை மிச்சம் பிடித்து விரைவாகக் காலம் ஏறுவதா, குடிகளைப் பெருக்குவதா, உடனே படை திரட்டி அயலவனைத் தாக்குவதா என்னும் தீர்மானமே ஆட்டத்தின் உயிர். வாளேந்திய போர் பின்னர்தான் வருகின்றது. முதற் பதினைந்து நிமிடங்களில் நடைபெறுவது வரவு செலவுத் திட்டமே எனலாம்.

இவ்விளையாட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் ‘தி கொன்கரர்ஸ்’ என்னும் விரிவாக்கம் வெளிவந்து, முன்னிருந்த 13 இனத்தாருடன் மேலும் ஐவரைச் சேர்த்தது. ஆனால், காலம் கணினிகளுக்கும் பகையன்றோ! பழைய ஆட்டம் 256 நிறங்களை மாத்திரமே கையாள்வதற்கென எழுதப்பட்டது. பின்வந்த கணினி முறைமைகளில் அந்நிறப் பட்டியல் குழம்பியது. பல இல்லங்களிற் புல் சிவப்பாகவும் நீர் ஊதாவாகவும் தெரிந்தன. இணையத்தில் எதிரியைத் தேடித் தந்த பழைய ஏற்பாடும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்செம்பிள் நிறுவனமே கலைக்கப்பட்டது.

பெற்றோரை இழந்த அந்த ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர்கள் அதன் அபிமானிகள். அவர்கள் தமக்கெனத் தனிக் களங்களை அமைத்துப் போட்டிகளை நடத்தினர். அவர்களுள் ஒரு குழுவினர், ஊதியம் எதுவுமின்றி, ‘மறக்கப்பட்ட பேரரசுகள்’ என்று பொருள்படும் பெயரிற் புதிய இனத்தாரைச் சேர்த்து ஒரு விரிவாக்கத்தைத் தாமே ஆக்கி வெளியிட்டனர். 2013இல் மைக்ரோசொப்ட் அவ்வாட்டத்தைப் புதிய திரைகளுக்கு ஏற்றவாறு ஒருமுறை சீர்செய்து வெளியிட்டது. அதே ஆண்டில் அந்த அபிமானிகளின் ஆக்கமே அதற்குரிய முறையான விரிவாக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர் அதே பெயரில் நிறுவனமாக அமைந்த அவர்களே, வேறு சில நிறுவனங்களின் துணையோடு, 2019 நவம்பர் 14ஆந் திகதி வெளிவந்த புதிய பதிப்பைப் பொறுப்பேற்று ஆக்கினர். ‘டெபினிட்டிவ் எடிஷன்’ என்பது அதன் பெயர். இறுதியான, முழுமையான பதிப்பு என்பது அதன் பொருள். ஆசிரியர் விட்டுச்சென்ற சுவடியை மாணவர் எடுத்துப் பதிப்பித்தது போன்ற நிகழ்ச்சி இது.

புதிய பதிப்பை முதன்முதலிற் திறப்பவருக்கு ஏற்படும் முதல் உணர்ச்சி கண்ணைச் சார்ந்தது. 1999இல் ஆட்டம் பெரும்பாலும் குறுக்கே 800, நெடுக்கே 600 புள்ளிகள் கொண்ட திரையில் ஆடப்பட்டது. புதிய பதிப்போ 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரைக்கென வரையப்பட்டது. பெருக்கிப் பார்த்தால் முன்னையதைப் போல் ஏறக்குறையப் பதினேழு மடங்கு நுட்பம். கூரையின் ஓடுகளையும் கோட்டைச் சுவரின் கற்களையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆலையின் காற்றாடி சுழல்கின்றது. வயலிற் கதிர் அசைகின்றது. முன்பெல்லாம் ஒரு கட்டடம் அழியும்போது சட்டென மறைந்து, அவ்விடத்தில் இடிபாட்டுக் குவியலொன்று தோன்றும். இப்பொழுது கல்லெறி பொறியின் அடி தாங்காத கோட்டை பகுதி பகுதியாகச் சரிந்து விழுவதைக் காணலாம். இசையும் புதிதாக அமைக்கப்பட்டது. ஆயினும் பழைய மெட்டுக்கள் அதனூடே அடையாளம் தெரியுமாறு ஒலிக்கின்றன.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் ஆக்கியோர் ஒன்றை மாற்றாது விட்டமை கவனிக்கத்தக்கது. காட்சி காணும் கோணம் அப்படியே உள்ளது. களத்தைச் சாய்வாக மேலிருந்து நோக்கும் அதே நோக்கு. தட்டையான சிறு ஓவியங்களை அடுக்கி இயங்கச்செய்யும் அதே முறை. களத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணக் காட்சியாக அமைத்திருக்கலாம். அதற்கான வசதி இன்றைய பொறிகளில் உண்டு. அவ்வாறு அமைத்திருந்தால், இருபது ஆண்டுகளாக ஒரே கோணத்திற் பழகிய கண்ணுக்கு மரம் எது, மரத்தின் பின்னால் நிற்கும் ஆள் எது என்பது புதிய சிக்கலாகியிருக்கும்.

அழகே இடையூறாகும் இடமும் உண்டு. புதிய பதிப்பின் மரங்கள் உயர்ந்து தழைத்தவை. ஓவியமாக நோக்கின் சிறந்தவை. ஆனால், அம்மரங்களின் பின்னே ஒளிந்து வரும் எதிரியைக் கண்டுகொள்வது கடினம். ஆகையால் தேர்ந்த ஆட்டக்காரர் பலர், மரங்களைக் குட்டையாக்கும் திருத்தங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டனர். சித்திரக்காரர் மாதக்கணக்கில் உழைத்து வரைந்த தழையை ஆட்டக்காரர் ஒரு நிமிடத்தில் வெட்டிவிட்டனர். ஆட்டத்தில் ஒரு பொருள் அழகாயிருப்பதிலும் தெளிவாயிருப்பது முதன்மையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவதாக வரும் உணர்ச்சி கையைச் சார்ந்தது. கண்ணை ஏமாற்றலாம்; கையை ஏமாற்றுதல் அரிது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் புதிய பதிப்பின் முன் அமர்ந்ததும் என்ன செய்வார்? ஊர் மையத்திற்குத் தாவும் விசையை அவரது விரல் தானாகவே தேடும். குடியானவரை ஆக்கும் கட்டளை தொடர்ந்து செல்லும். குதிரைவீரன் வட்டமிட்டு ஆடுகளைத் தேடுவான். அடுத்தது காட்டுப்பன்றி. ஒரு குடியானவன் சென்று பன்றியை அம்பாலெய்து, அது சினந்து துரத்திவர, ஊர் மையத்தை நோக்கி ஓடிவருதல் வேண்டும். அங்கே காத்திருக்கும் ஏனையோர் அதனை வீழ்த்துவர். பன்றியின் வேகத்துக்கும் மனிதனின் வேகத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகச் சிறியது. கணக்குத் தவறினால் குடியானவன் மடிவான்; நேரம் பிசகினால் உணவு பின்தங்கும்; உணவு பின்தங்கினால் காலம் ஏறுதல் பிந்தும். அந்த வேகமும் அந்த இடைவெளியும் முன்போலவே இருக்கின்றனவா என்பதே பழையவர் நடத்தும் உண்மையான பரீட்சை. புதிய பதிப்பு இப்பரீட்சையிற் சித்தியெய்தியது. பன்றி பழைய பன்றியாகவே ஓடிவந்தது.

எனினும், சிற்சில வேலைகளைப் பொறி தானே ஏற்றுக்கொண்டுள்ளது. முன்பு வயலொன்றின் விளைவு தீர்ந்ததும் அதனைத் திரும்ப விதைக்க ஆட்டக்காரர் ஆணையிடல் வேண்டும். 2000ஆம் ஆண்டு விரிவாக்கம் ஆலையில் முற்பணம் கட்டி வைக்கும் வசதியைத் தந்தது. புதிய பதிப்பில், மரம் கையிருப்பில் உள்ளவரை, வயல்கள் தாமாகவே மறுபடி விதைக்கப்படும். வேவு பார்க்கும் வீரனைத் தானாகச் சுற்றிவரும்படி விடலாம். ஒரு குடியானவனுக்கு வீடு, அதன்பின் ஆலை, அதன்பின் மரவேலை எனப் பல பணிகளை ஒரேயடியாக வரிசைப்படுத்தி வைக்கலாம்.

இவ்வசதிகளைக் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்ததில் வியப்பில்லை. வயலைக் கவனியாது விட்டுப் பட்டினி கிடப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. கவனம் என்னும் வளத்தைப் பங்கிடுவதிலேதான் திறமை வெளிப்படுகின்றது என்பது ஒரு சாராரின் வாதம். விதைப்பதற்கு விசையைத் தட்டுவது திறமையன்று, வெறுஞ் சலிப்பு. அதனை நீக்கினால் அறிவு போர்த்திட்டத்திற் செல்லும் என்பது மறுசாராரின் வாதம். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். விதைப்பதற்காகும் மரத்தின் அளவும் விளையும் உணவை எடுத்துவர வேண்டிய உழைப்பும் நீக்கப்படவில்லை. ஆணையிடும் உழைப்பே குறைக்கப்பட்டது. விலை அப்படியே இருக்க, வேலை மட்டும் எளிதாயிற்று. ஆட்டத்தின் நியாயம் கெடவில்லை.

கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஆழத்தில் மூன்றாவது ஒரு செய்தி உள்ளது. தூரத்தேயுள்ள இருவர் இணைந்து ஆடும்போது, இருவர் திரையிலும் ஒரே போர் எவ்வாறு தோன்றுகின்றது? படைவீரர் ஒவ்வொருவரும் நிற்குமிடத்தைக் கம்பிவழியே அனுப்புவது 1990களிலிருந்த மெதுவான தொலைபேசி இணைப்புக்களுக்கு இயலாத காரியம். ஆகையால் என்செம்பிள் பொறியியலாளர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். ஆட்டக்காரரின் கட்டளைகள் மாத்திரமே அனுப்பப்படும். ஒவ்வொரு கணினியும் அக்கட்டளைகளைக் கொண்டு முழுப் போரையும் தனித்தனியே கணக்கிடும். கணக்கு ஒன்றாயின் விடையும் ஒன்றாகும். இம்முறையாலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர் மோதும் போரை மெலிந்த இணைப்பினூடாக நடத்த முடிந்தது.

இதில் ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. ஒரு கணினியில் ஒரு மான் மயிரிழையளவு விலகி நின்றாலும் போதும். அதனைத் துரத்தும் வேடனின் பாதை மாறும்; சில நிமிடங்களில் இறைச்சியின் அளவு மாறும்; இறுதியில் இரு கணினிகளிலும் இரு வேறு போர்கள் நடைபெறும். பழைய விளையாட்டின் பொறியியலாளரே இத்தகைய அனுபவத்தைப் பின்னர் எழுதிவைத்துள்ளனர். அன்றியும், எல்லாக் கணினிகளும் ஒத்த நடையிற் செல்லவேண்டியதால், மிகவும் மெதுவான கணினியே அனைவரின் வேகத்தையும் தீர்மானிக்கும். ஒரே வண்டியிற் பூட்டிய மாடுகளின் நிலைமை இதுதான். புதிய பதிப்பின் நுட்பமான ஓவியங்கள் கணினிக்குப் பாரமானவை. எனவேதான் தரவரிசைப் போட்டியில் இறங்க விரும்புவோர் முதலிற் தம் கணினியை ஒரு வேகப் பரீட்சைக்கு உட்படுத்தவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. வெளிவந்த புதிதிற் குறைகளும் இருந்தன. ஆட்டம் தடங்கியதும், நெருங்கி நிற்கும் வாள்வீரர் வழிதெரியாது ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டதும் பலராற் கண்டிக்கப்பட்டன. தொடர்ந்து வந்த திருத்தங்கள் அவற்றிற் பலவற்றைக் குறைத்தன. வழிதேடும் முறை பற்றிய முறைப்பாடு மாத்திரம் நெடுநாள் நீடித்தது. அழகுக்கு வேண்டிய பொருளைச் செலவிட்டபின்னும், ஒரு வீரன் நேராக நடந்துபோவதே கடினமான கலை என்பதை அது காட்டிற்று.

எதிரியாக நின்று ஆடும் கணினியின் அறிவிலும் மாற்றம் உண்டு. 1999ஆம் ஆண்டின் பொறி எதிரி, கடினமான படிநிலையில், தனக்கு மட்டும் மேலதிக வளங்களைப் பெற்றுக்கொள்ளும். கள்ளக் கணக்கு எழுதியே அது வென்றது. புதிய எதிரி அவ்வாறு செய்வதில்லை. மனிதரைப் போலவே உழைத்துத் தேடி, மனிதர் கண்டறிந்த உத்திகளைப் பின்பற்றி மோதுகின்றது. இதைவிடச் சுவையான செய்தி, பழைய எதிரியும் அகற்றப்படவில்லை என்பதே. விரும்புவோர் அந்தப் பழைய கள்ளனையே தெரிந்தெடுத்து அவனோடு பொருதலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கியிருந்தவர்கள் அதனை விட்டுவிலக வேண்டியிருக்கவுமில்லை. புதியது வந்தது, பழையது பறிக்கப்படவில்லை.

இந்த இறுதி வாக்கியத்தின் அருமையை உணர, ஏறக்குறைய அதே காலத்தில் நிகழ்ந்த வேறிரு புதுப்பித்தல்களை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பிளிசார்ட் நிறுவனத்தின் ‘வோர்கிராப்ட்’ மூன்றாம் பாகம். 2002இல் வெளிவந்த அவ்விளையாட்டு, ஆட்டக்காரர் தாமே புதிய களங்களை அமைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. அவ்வாறு அபிமானிகள் அமைத்த களமொன்றிலிருந்தே ‘டோட்டா’ என்னும் ஆட்டம் பிறந்து உலகெங்கும் பரவியது. 2018 நவம்பரில், வோர்கிராப்டின் மறுவாக்கம் அறிவிக்கப்பட்டபோது, நான்கு மணி நேரத்துக்கும் அதிகமான கதைக்காட்சிகள் புதுப்பிக்கப்படும் என எதிர்பார்ப்பூட்டப்பட்டது. 2020 ஜனவரி இறுதியில் அது வெளிவந்தது. வீரர்களின் உருவங்கள் புதியனவாயிருந்தன. ஆனால், கதைக்காட்சிகளிற் பெரும்பாலானவை பழைய அமைப்பிலேயே இருந்தன. தரவரிசை, குழு அமைப்பு முதலிய வசதிகள் தொடக்கத்திற் காணப்படவில்லை. இவற்றையெல்லாம் ஆட்டக்காரர் பொறுத்திருக்கவும் கூடும். அவர்கள் பொறாதது வேறொன்று. புதிய பதிப்பை வாங்காதவர்களும், இணையத்தில் ஆடவேண்டின், தம் பழைய ஆட்டத்தைக் கைவிட்டுப் புதிய கட்டளைத் தொடரையே ஏற்கவேண்டியதாயிற்று. பதினெட்டு ஆண்டுகளாகத் தம்மிடமிருந்த பொருள், தாம் கேளாமலே மாற்றப்பட்டதை அவர்கள் கண்டனர். எதிர்ப்பு மிகுந்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர நிறுவனம் முன்வந்தது. 2024 நவம்பரில் வெளியான பெரிய திருத்தம் ஒன்று, பழைய ஓவியங்களின் சாயலைப் பேணிச் செம்மைப்படுத்திய தோற்றத்தையும் தெரிவாகத் தந்தது. தவறு உணரப்பட்டதென்பதற்கு அது அடையாளம். ஆயினும் அதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது, ‘கொமாண்ட் அண்ட் கொன்கர்’ என்னும் விளையாட்டு. 1995, 1996ஆம் ஆண்டுகளில் வெளியான அதன் முதலிரு பாகங்கள் 2020 ஜூன் மாதம் புதிய வடிவிற் தரப்பட்டன. பழைய நிறுவனத்திற் பணியாற்றிய சிலர் அமைத்த பெட்ரோகிளிப் என்னும் நிறுவனமே அப்பணியிற் பங்கேற்றது. அன்று இசையமைத்த பிராங்க் கிளெபாக்கியே மறுபடியும் வந்து அவ்விசையைப் புதுப்பித்தார். அதில் அமைந்த ஓர் ஏற்பாடு எளிமையானது. ஆனால் நினைக்குந்தோறும் வியக்கத்தக்கது. தனித்து ஆடுவோர் விசைப்பலகையின் ஒரு விசையைத் தட்டினால், புதிய ஓவியம் மறைந்து, அதே கணத்தில் அதே போரின் பழைய ஓவியம் தோன்றும். மறுபடி தட்டினாற் புதியது திரும்பும். தோற்றம் இரண்டு, ஆட்டம் ஒன்று என்பதை எவ்வித விளக்கமுமின்றி அந்த ஒற்றை விசை உணர்த்திற்று. அம்மட்டோ? ஆட்டத்தின் விதிகள் அடங்கிய கட்டளைத் தொடரின் மூலப் பகுதிகளை, எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டனர். நாளை அந்நிறுவனம் இல்லாது போனாலும், விதிகள் இல்லாது போகமாட்டா.

மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது உண்மை துலங்குகின்றது. முதற் பார்வையில் மூன்றும் அழகிற் தேறியவையே. ஒன்று வெற்றியும் ஒன்று தோல்வியும் அடைந்தமைக்குக் காரணம் ஓவியமன்று. பழையதன் விதிகளுக்கும் பழையவர்களின் உரிமைக்கும் எத்தகைய மதிப்பு அளிக்கப்பட்டது என்பதே காரணம்.

ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் விளையாட்டின் புதுப்பித்தல் தமிழருக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. 1999ஆம் ஆண்டிலேயே அவ்விளையாட்டு ஒரு நல்ல மரபைத் தொடக்கிவைத்தது. ஆட்டக்காரர் ஆணையிடும்போது, அந்தந்த இனத்து மாந்தர் தத்தம் மொழியிலேயே மறுமொழி கூறுவர். 2013ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் ‘இந்தியர்’ என ஓரினம் சேர்க்கப்பட்டது. இமயம் முதல் குமரி வரை அனைவரையும் அந்த ஒரு பெயரே குறித்து நின்றது. 2022 ஏப்ரலில் வெளிவந்த விரிவாக்கம் அப்பெயரைப் பிரித்து, இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என நால்வராக்கிற்று. திராவிடர் பேசுவது தமிழ். கடற்படையிலும் காலாட்படையிலும் வல்லவர்களாகவும், குதிரைப்படையிற் குன்றியவர்களாகவும் அவர்கள் அமைக்கப்பட்டுள்ளனர். சுருள்வாள் வீசும் வீரரும், ‘திரிசடை’ என்னும் பெரும் போர்க்கப்பலும் அவர்களுக்கே உரியவை. தென்னகத்து உருக்கின் புகழ், எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாத வலிமையாக உருப்பெற்றுள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் வரலாறும் ஒரு தொடர்கதையாக அதில் இடம்பெறுகின்றது.

மகிழ்ச்சிக்குரிய இச்சேர்க்கையிலும் சிந்தித்தற்குரிய இடங்கள் உண்டு. ‘திராவிடம்’ என்பது 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலால் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைபெற்ற சொல். அப்பெயரில் ஒரு பேரரசு இருந்ததில்லை. சேரரும் சோழரும் பாண்டியரும் தம்முட் பொருதவர்கள். ஒரே கொடியின் கீழ் நின்றவரல்லர். மேலும், கங்கையும் கடாரமும் கொண்டவன் எனத் தமிழ்நாட்டுச் சாசனங்கள் போற்றும் அதே அரசனின் படையெடுப்பிலேதான் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். ஒரு கரையில் வெற்றியாகப் பாடப்பட்டது மறுகரையில் இழப்பாக எழுதப்பட்டது. ஆட்டத்திலோ ஒருவர் இன்று ஒரு பக்கமும் நாளை மறுபக்கமும் நின்று ஆடலாம். விளையாட்டை வரலாற்று நூலாக மயங்காதிருத்தல் கடமை. ஆயினும், ஒரே போரை இரு புறமும் நின்று பார்க்கும் பழக்கம் தீயதன்று.

புதுப்பித்தல் என்னும் பொருள் இத்தனை ஆராய்ச்சிக்கு உரியதா என்று சிலர் கேட்கலாம். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுக்களுள் 87 சதவீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. சுவடிகள் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையான கதையைத் தமிழுலகம் நன்கறியும். ஏடு தேடித் திரட்டி, பாடபேதங்களை ஒப்பிட்டு, அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பினாலேயே பழந்தமிழ் நூல்கள் பல அழியாது எஞ்சின. நல்ல பதிப்பாசிரியர், எழுத்தைத் தெளிவாக அச்சிடுவார். படிப்போருக்கு ஏற்றவாறு சந்தியைப் பிரித்தும் தருவார். மூலத்தைத் தம் விருப்பப்படி திருத்தி, பழைய ஏட்டை எரித்துவிடமாட்டார்.

அதே நேர்மையைத்தான் பழைய விளையாட்டொன்றைப் புதுப்பிப்போரிடமும் எதிர்பார்த்தல் வேண்டும். கண்ணுக்குப் புதுமை வேண்டும். அஃதில்லையேல் புதியவர் வாரார். கைக்குப் பழைமை வேண்டும். அஃதில்லையேல் பழையவர் தங்கார். இருவரும் ஒரே களத்தில் அமர்ந்து ஆடும்போதே புதுப்பித்தல் நிறைவுறுகின்றது. 1999இல் அவ்விளையாட்டைப் பள்ளி மாணவராக ஆடியவர் இன்று பிள்ளைகளின் பெற்றோர். தந்தை ஒருவர் தம் மகளுக்குப் பன்றியை எவ்வாறு ஊர் மையத்துக்கு இழுத்துவருவது என்று சொல்லிக்கொடுக்கின்றார் எனக் கொள்வோம். மகள் காண்பது அழகிய புதிய ஓவியம். தந்தையின் விரல்கள் நாடுவது இருபது ஆண்டுப் பழைய கணக்கு. பன்றி இருவருக்கும் ஒரே வேகத்திலேயே ஓடிவருகின்றது.